குழாய்க்குள் நுழைந்துவிட்டால் அது சரியான பேட்டரியா?

மின்மினி:
என் பச்சை லேசர் பேனா இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடுவது. சார்ஜ் செய்யக்கூடிய 10440 லித்தியம் அயான் பேட்டரி இரண்டு கிடைத்தது, போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஒளியும் பிரமாதம். நண்பர் ஒருவர் "முதலில் அதை எடு" என்று சத்தம் போடுகிறார். வேலை செய்வதை எதற்கு எடுக்க வேண்டும்?

சால்டர்மணி:
நண்பர் சொல்வது சரி. ஏஏஏ ஒன்றுக்கு 1.5 வோல்ட், இரண்டுக்கு 3. 10440 முழு சார்ஜில் 4.2, இரண்டுக்கு 8.4. அந்த எண்ணில் இருப்பது உடம்பளவு மட்டும்தான்: 10 மி.மீ. விட்டம், 44 மி.மீ. நீளம், கடைசி 0 உருளை என்பதற்கு. வோல்ட் பற்றி அது வாயே திறக்காது.

கதிரொளி:
அண்ணே, ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். உள்ளே டிரைவர் என்ற சிறு சர்க்யூட் இருக்கிறது, ஒளி தரும் டயோடுக்குப் போகும் கரண்டை அது பார்த்துக்கொள்ளும். சிஆர்123 என்ற 3 வோல்ட் பேட்டரி போடும் லேசரில் நான் இரண்டு வருடமாக அதே அளவு லித்தியம் அயான் பேட்டரியான 16340 போட்டு ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

சால்டர்மணி:
தம்பி, உங்களுடையது 3 வோல்டிலிருந்து 4.2. இவருடையது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எந்த டிரைவர் என்பதும் முக்கியம். வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் வகையில், உள்ளே வரும் வோல்ட் டயோடுக்குத் தேவையானதைத் தாண்டினால் அதற்குக் கட்டுப்பாடே கிடையாது, அப்படியே கடந்து போய்விடும். லீனியர் வகை என்றால், டயோடுக்குத் தேவையானது போக மிச்ச வோல்ட்டெல்லாம் சூடாகப் போகும். 300 மில்லி ஆம்பியர், டயோடுக்கு 2 வோல்ட் என்று வையுங்கள்: பழைய பேட்டரியில் 0.3 வாட் சூடு, இதில் 1.9 வாட். அதுவும் விரல் நகம் அளவு சர்க்யூட் பலகையில்.

கதிரொளி:
பூஸ்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனால் டயோடுதானே போகும்? அது செலவு. ஆபத்து வேறு.

இருட்டுக்கண்ணாடி:
பச்சை லேசரில் அப்படிச் சொல்ல முடியாது. வெளியே தெரியும் 532 நானோமீட்டர் ஒளி டயோடிலிருந்து நேராக வருவதில்லை. டயோடு தருவது 808, கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாத அகச்சிவப்பு. ஒரு படிகம் அதை உறிஞ்சி 1064 ஆக்கும், அடுத்தது அதை 532 ஆக்கும். டயோடு சூடேறினால் 808 நகர்ந்துவிடும், படிகம் சரியாக உறிஞ்சாது. பச்சை மங்கும், அகச்சிவப்பு கூடும். மலிவான பேனா லேசர் பலவற்றில் அதைத் தடுக்கும் ஃபில்டர் கிடையாது. பச்சை கண்ணில் பட்டால் இமை தானாக மூடும், இதற்கு மூடாது.

மின்மினி:
அட! முதல் நிமிடம் பளிச்சென்று இருந்தது, அப்புறம் மங்கியது. சார்ஜ் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இப்போது மீட்டர் வைத்தால் ஒவ்வொன்றும் 4.05 காட்டுகிறது. குழாயும் கை வைக்க முடியாத சூடு. எடுத்துவிட்டேன். ஒன்றில் பிளஸ் முனையருகே பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறது. டேப் ஒட்டலாமா?

சால்டர்மணி:
டேப் வேண்டாம். உறைக்கு அடியில் இருக்கும் உலோகம் முழுக்க மைனஸ். பல லேசர்களில் வெளிக்குழாய் பிளஸ். கிழிசல் குழாயில் பட்டால் நேரடி ஷார்ட். மூடிய உலோகக் குழாய்க்குள் லித்தியம் பேட்டரி வாயு கக்கினால் அது வெளியேற வழியே இல்லை.

கதிரொளி:
பேட்டரியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். உலோகத்தில் நசுங்கல் இல்லையென்றால் சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் புது ஷ்ரிங்க் உறை போட்டால் போதும்.

சால்டர்மணி:
போடட்டும். ஆனால் இந்த லேசருக்கு இல்லை.