செல் ஏன் பெரிதாகாமல் பிரிகிறது? கண்ணால் காட்ட ஒரு வழி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டம் மேலூர் அருகே 9ஆம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 ச.செ.மீ., கன அளவு 1 க.செ.மீ.; பக்கம் 3 செ.மீ. ஆகும்போது அவை 54, 27 என உயர்வதால், விகிதம் 6இலிருந்து 2 ஆகக் குறைகிறது என்பதையும், இதனால் பெருத்துக்கொண்டே போகும் செல்லுக்குச் சவ்வின் வழியே உணவும் ஆக்சிஜனும் போதிய அளவு வந்துசேராது என்பதையும் கரும்பலகையில் விளக்கிவிட்டேன். செய்துகாட்டுவதில்தான் சிக்கல். மஞ்சள்தூள் கலந்து உறையவைத்த கடற்பாசி (அகர்) கட்டிகளைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் இட்டபோது, ஆரத்தித் தட்டைப் போலச் சிவப்பு உள்நோக்கிப் பரவியது. ஆனால் மஞ்சள் அடியில் படிந்துவிட்டதால் எல்லை திட்டுத்திட்டாகவே தெரிந்தது. மஞ்சளைச் சீராகக் கலக்கும் முறையையோ, எளிதில் கிடைக்கும் வேறு நிறப்பொருளையோ அறிந்தவர்கள் அளவு, நேர விவரங்களுடன் எழுத வேண்டுகிறேன்.

இன்னொன்று: கடையில் வாங்கும் கருவுறாத கோழிமுட்டையின் மஞ்சள் கரு ஒரே செல் என்றால், அது மட்டும் எப்படி இவ்வளவு பெரிதாயிற்று என்று ஒரு மாணவி கேட்டாள் (நல்ல கேள்விதான்). அதில் பெரும்பகுதி சேமித்த உணவு, உயிர்ச்செயல் நடக்கும் பகுதி மேலுள்ள சிறு வெண்புள்ளியே என்றேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை. இதைவிடத் தெளிவாக விளக்க யாரேனும் உதவ முடியுமா?