ஊட்டிக் குளிரில் ஜெரேனியம் குச்சிகள் அடி கறுத்து அழுகுகின்றன, காப்பாற்ற வழி உண்டா?

காந்தல்வாசி:
நவம்பர் கடைசியில் ஜெரேனியம், ஹைட்ரேஞ்சியா இரண்டிலும் குச்சி வெட்டி, செம்மண்ணும் மாட்டெருவும் கலந்த பைகளில் நட்டேன். பாலித்தீன் கவர் போட்டு மூடி வராந்தாவில் வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் விடுகிறேன். ஹைட்ரேஞ்சியா பச்சையாக நிற்கிறது. ஜெரேனியம்தான் மண்ணை ஒட்டின இடத்தில் கறுத்து, தொட்டால் தோல் கழன்று வருகிறது. மேல் இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரியில் உறைபனி விழுகிறது, அதனால்தானா? தாய்ச்செடி அம்மா வைத்தது. ரொம்பக் கிழடாகிவிட்டது, எப்படியாவது நாலு கன்று எடுத்துவிட வேண்டும்.

நாற்றங்கால்:
பனி இல்லைங்க. பனி பட்டால் முதலில் இலைதான் நீர் கோத்த மாதிரி ஆகிக் கருகும். இலை நன்றாக இருந்து அடித்தண்டு கறுத்தால் அது அழுகல். பித்தியம் என்ற கிருமி பெரும்பாலும் இதைச் செய்யும். குளிர்ந்த, ஈரம் வடியாத மண் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

குச்சியைப் பிடுங்கி, கறுப்புக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிப் பாருங்கள். வெட்டுவாய் முழுக்கப் பச்சையாக, உள்ளே பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் இருந்தால் பிழைக்கும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, 8 முதல் 10 செ.மீ. நீளம் வைத்து, மொட்டையும் கீழ் இலைகளையும் கிள்ளிவிடுங்கள். அப்புறம் அரை நாள் நிழலில் போட்டு வெட்டுவாயை ஆறவிடுங்கள். ஜெரேனியத்துக்கு இது முக்கியம்.

பழைய மண் வேண்டாம். எருவும் இப்போது வேண்டாம். கழுவின ஆற்று மணலும் கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) சரிபாதி போதும். எம் சாண்ட் என்றால் மாவு போகும்வரை அலசிவிடுங்கள். நட்டதும் ஒருமுறை தண்ணீர், மேல்மண் காய்ந்த பிறகே அடுத்தது. கவர் கூடவே கூடாது.

காந்தல்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. அப்படியென்றால் ஹைட்ரேஞ்சியா கவரையும் எடுத்துவிடவா?

பூந்தொட்டி அக்கா:
எடுக்காதீங்க தம்பி! ஜெரேனியம் தண்டு சதைப்பற்றானது, தண்ணீரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். ஹைட்ரேஞ்சியா இலை அகலம், வேர் இல்லாத நேரத்தில் ஈரத்தை இழந்து துவண்டுவிடும். பெரிய இலைகளைக் குறுக்கே பாதியாக வெட்டிவிட்டு, கவரைத் தினமும் சற்று நேரம் திறந்து காற்று விடுங்கள்.

வராந்தா சிமெண்ட் தரை ராத்திரியில் பனிக்கட்டியாகிவிடும். பைகளைப் பலகை அல்லது தெர்மாகோல் மேல் ஏற்றுங்கள். தெற்கு பார்த்த ஜன்னல் இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்துவிடுங்கள், இந்த மாதங்களில் வெயில் அந்தப் பக்கம்தான். மண் 20 டிகிரி அளவில் இருந்தால் வேர் சீக்கிரம் வரும். தண்ணீரைக் காலையிலேயே விடுங்கள், சாயங்காலம் வேண்டவே வேண்டாம். தாய்ச்செடியையும் மறந்துவிடாதீங்க. தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு பூச்செடிகளை மூடி வைப்பார்கள், பார்த்திருப்பீங்க. வீட்டில் பழைய சாக்கு போதும். ராத்திரி மூடி, வெயில் வந்ததும் எடுங்க.

காந்தல்வாசி:
அக்கா, மூன்று குச்சிகளில் உள்ளே நல்ல பச்சை இருக்கிறது! நிழலில் ஆறப்போட்டிருக்கிறேன். வேர் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? இழுத்துப் பார்க்கலாமா?

நாற்றங்கால்:
இழுக்காதீர்கள், மெல்லிய வேர் அறுந்துவிடும். பையின் அடி ஓட்டையைப் பாருங்கள், வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். நுனியில் புது இலை வந்ததை மட்டும் நம்ப வேண்டாம், தண்டில் சேர்ந்திருக்கிற சத்திலேயே துளிர்விடும். கதகதப்பான ஊரில் ஜெரேனியம் 3, 4 வாரத்தில் வேர்விடும். இங்கே இன்னும் தாமதமாகும், அதுவரை உரம் வேண்டாம். ஹைட்ரேஞ்சியா குளிரில் இலையைக் கொட்டினால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பனி நின்று மார்ச் வந்ததும் தொட்டி மாற்றிக்கொள்ளலாம்.