தசையின் கரண்டைப் பிடித்துப் பார்த்தவர்கள்

சுன்னாகத்தான்:
ஈஎம்ஜி, அதாவது தசை இறுகும்போது எழுகிற சின்ன மின்சைகையை அளந்து பார்ப்பது, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ என்று இங்கே கேட்டதால் எழுதுகிறேன். சைகையைப் பெருக்குகிற ஏடி620 சிப், இரண்டு 9 வோல்ட் பற்றரி, சைகையைக் கணினிக்கு அனுப்புகிற ஆர்டுயினோ பலகை, ஈசிஜிக்கு (இதயச் சோதனைக்கு) ஒட்டுகிற மின்வாய் மூன்று, இவ்வளவும்தான் சாமான். சிப்பில் 499 ஓம் தடை போட்டால் முதற்கட்டத்தில் சைகை 100 மடங்காகப் பெருகும். 20 ஹேட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டிவிட்டு மிச்சத்தைப் பிறகு பெருக்குங்கோ. ஒரேயடியாக 1000 மடங்குக்குப் போனால் தோலுக்கும் மின்வாய்க்கும் இடையில் நிற்கிற மாறா மின்னழுத்தமும் சேர்ந்து பெருகி, அம்பிளிபயர் ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

வில்லங்கமெல்லாம் தோலில்தான். எங்கட சித்திரை வெயிலில் வேர்வைக்கு ஒட்டு கழன்றுகொண்டே இருக்கும், தேங்காய் எண்ணெய் பூசிய கையென்றால் சொல்லவே வேண்டாம். ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மின்வாயை 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் தசை ஓடுகிற திசையிலேயே ஒட்டி, மூன்றாவதை முழங்கை எலும்பில் வையுங்கோ. மிச்ச இரைச்சல் வீட்டுக் கரண்டின் 50 ஹேட்ஸ். அந்த 50ஐ மட்டும் வெட்டுகிற நொட்ச் பில்டர் போடச் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காது. தசையின் சைகையும் 20 முதல் 500 ஹேட்ஸ் வரைக்குள்தான், வெட்டினால் நல்லதும் போகும். லப்டொப்பைப் பற்றரியில் ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். உடம்பில் வயர் இருக்கையில் சார்ஜர் குத்தவே கூடாது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை, போரில் வலது கை முழங்கைக்குக் கீழே போனவர். மிஞ்சிய பகுதியில் ஒட்டிவிட்டு, "இல்லாத கையைப் பொத்துங்கோ அண்ணை" என்றேன். தோலுக்கடியில் சின்ன அசைவு, திரையில் நேர்கோடாய் ஓடினது புதர் மாதிரி விரிந்தது. விரலை விரிக்கச் சொன்னால் அந்த இடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, மின்வாயை மறுபக்கத்துக்கு மாற்றினால் அங்கே வருகிறது. விரலை இழுக்கிற பெரிய தசைகள் முன்னங்கையில்தானே இருக்கின்றன. அவர் பொத்திப் பொத்திப் பார்த்துவிட்டு, "இதை வைச்சு சைக்கிள் பிரேக் பிடிக்கலாமோ தம்பி?" என்றார். சைகைக்கேற்பத் திரும்புகிற சின்ன சர்வோ மோட்டர் ஒன்றை அவரையே ஆட்ட விட்டேன். பிரேக்குக்கு அது காணாது, ஒட்டு கழன்றால் பிரேக்கும் போச்சு என்றேன், சிரித்தார்.

வல்வைக்காரி:
நான் ஆஸ்பத்திரியில் ஊசியால் செய்கிற ஈஎம்ஜிக்குக் குத்து வாங்கினவள். கை விறைப்புக்குப் போனபோது டொக்டர் மெல்லிய ஊசியைப் பெருவிரலின் அடித் தசையில் இறக்கி, லேசாக இறுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் டக் டக் என்று தனித்தனியாகக் கேட்டது, கூட இறுக்க எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். அந்த ஊசியில் கரண்ட் விடுவதில்லை, கேட்க மட்டும்தான். ஷொக் தருவது அதற்கு முன் செய்த நரம்புச் சோதனை. போகிறவர்கள் கைக்குக் கிறீம் பூசாமல் போங்கோ.