தேவாலய இணையதள ஃபுட்டரில் எதை வைப்பது? கைபேசியில் எழுத்தும் வெட்டுப்படுகிறது

பொருநைக்கரை:
ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள், கிளைச் சபைகளும் உண்டு. தளம் வேர்ட்பிரஸில், ஒரு ரெடிமேட் தீமில் ஓடுகிறது. சிக்கல் ஃபுட்டரில்தான், அதாவது எல்லாப் பக்கத்தின் அடியிலும் வரும் பகுதியில்.

இப்போது அதில் நான்கு பத்திகள்: ‘எங்களைப் பற்றி’, அண்மைப் பதிவுகள், படங்கள், ஒரு வசனம். ஆராதனை நேரம் மெனுவுக்குள் எங்கோ கிடக்கிறது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள், “அதிகாலை ஆராதனை எத்தனை மணிக்கு?” என்று சேகர ஐயாவுக்கே (போதகருக்கே) போன் போடுகிறார்கள். கமிட்டியில் சிலர் உறுப்பினர்களின் பெயரும் செல் நம்பரும் ஃபுட்டரில் வரவேண்டும், காணிக்கை க்யூஆர் பெரிதாக இருக்கவேண்டும் என்கிறார்கள்.

இன்னொன்று: கைபேசியில் ‘திருவிருந்து’ என்ற தலைப்பில் ‘தி’யின் மேல்சுழி பாதி வெட்டுப்படுகிறது. ‘தொடர்புக்கு’ என்பதில் கொம்பும் ‘த’வும் காலும் தனித்தனியாக நிற்கின்றன. எப்படிச் சரிசெய்வது?

வலைவேலை_மதுரை:
எழுத்துப் பிரச்சினை சுலபம், அதை முதலில் முடிப்போம். உங்கள் தீம் (தளத்தின் வடிவமைப்பு) ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் இடம் அதிகம் தேவையில்லை என்பதால் தலைப்புக்கு லைன்-ஹைட் (வரியின் உயரம்) 1 என்று வைத்திருப்பார்கள். தமிழில் கி, கீ மேலே ஏறும். கூ, ழு கீழே இறங்கும். ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ பெட்டியில் ஃபுட்டருக்கு மட்டும் லைன்-ஹைட்டை 1.6க்கு மேல் வையுங்கள். பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும் ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ இருந்தால் எடுத்துவிடுங்கள்.

‘தொ’ பிரிவதற்குக் காரணம் லெட்டர்-ஸ்பேசிங், அதாவது எழுத்துகளுக்கு நடுவே விடும் இடைவெளி. தலைப்பு அழகாக அகன்று தெரியட்டும் என்று 2 பிக்சல் கொடுத்திருப்பார்கள். தமிழுக்கு அது ஆகாது, 0 ஆக்குங்கள். ஃபாண்ட் நோட்டோ சான்ஸ் தமிழ் போதும்.

நிறத்தையும் பாருங்கள். இந்த மாதிரி தீம்களில் பெரும்பாலும் #222 என்ற கருமையான பின்னணியில் #777 என்ற சாம்பல் எழுத்து இருக்கும். அதன் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு) 3.5 அளவுதான். எல்லாராலும் படிக்க முடியும்படி தளம் அமைக்கச் சொல்லும் டபிள்யூசிஏஜி நெறிமுறை சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5. எழுத்தை #999 ஆக்கினாலே 5.5 வந்துவிடும், வெள்ளை என்றால் ஏறக்குறைய 16. உங்கள் தளத்தை அதிகம் திறப்பவர்கள் கண்ணாடி போட்ட பெரியவர்கள், தயவுசெய்து வெள்ளையே வையுங்கள். எழுத்து 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம்.

மஸ்கட்வாசி:
வெளியே இருந்து பார்க்கிறவனாகச் சொல்கிறேன். ஊர் தேவாலயத்தின் தளத்துக்கு நான் போவது இரண்டே காரியத்துக்கு. ஒன்று, லீவில் வரும்போது ஆராதனை நேரம். இன்னொன்று, சான்றிதழ். ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க யாரைக் கேட்பது, கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க (ஆராதனையில் திருமண அறிவிப்பு செய்ய) எத்தனை வாரம் முன்னால் எழுதிக் கொடுப்பது, இதெல்லாம் எந்தத் தளத்திலும் கிடைப்பதில்லை. ‘சான்றிதழ்கள்’ என்று ஒரே ஒரு இணைப்பு ஃபுட்டரில் இருந்தால் ஊரில் இருக்கும் அம்மாவை அலைக்கழிக்க வேண்டியிருக்காது.

போன் நம்பரையும் கவனியுங்கள். 0462 என்று போட்டால் இங்கிருந்து அப்படியே அழைக்க முடியாது. +91 462 என்று ஆரம்பித்து, தொட்டால் டயல் ஆகும்படி வையுங்கள்.

பொருநைக்கரை:
மதுரை அண்ணாச்சி, லைன்-ஹைட் 1.7, லெட்டர்-ஸ்பேசிங் 0 வைத்தேன். எழுத்து முழுசாகத் தெரிகிறது, மிக்க நன்றி. சான்றிதழ் இணைப்பு யாருக்குமே தோன்றவில்லை, கண்டிப்பாகச் சேர்க்கிறேன். க்யூஆர் பற்றி யாராவது சொல்லுங்கள், கமிட்டியில் அதுதான் பெரிய பேச்சு.

கணக்கர்_நாசரேத்:
க்யூஆரை ஃபுட்டரில் வைக்காதீர்கள். கைபேசியில் தளத்தைப் பார்ப்பவர் அதே கைபேசியால் திரையை எப்படி ஸ்கேன் செய்வார்? ‘காணிக்கை’ என்று ஒரு இணைப்பு போதும். அந்தப் பக்கத்தில் யுபிஐ ஐடியை நகலெடுக்கும்படி எழுத்தாகக் கொடுங்கள். எல்லாப் பக்கத்தின் அடியிலும் க்யூஆர் இருந்து, ஒருநாள் தளத்தை யாராவது ஹேக் செய்து படத்தை மாற்றினால் காணிக்கை எங்கே போகும் என்று கமிட்டியில் கேளுங்கள்.

இதைவிட முக்கியம், வெளிநாட்டுப் பணம். “வெளிநாட்டு நண்பர்களும் அனுப்பலாம்” என்று ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020ல் வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை புதுடெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். அதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு உங்கள் சேகரத்துக்கு இருக்கிறதா, திருமண்டலத்துக்கு (பேராயரின் கீழுள்ள மறைமாவட்டத்துக்கு) மட்டுமா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஸ்கட் தம்பி பயப்பட வேண்டாம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும் சரி. அதனால்தான் ‘இந்தியக் குடிமக்கள் மட்டும்’ என்று காணிக்கைப் பக்கத்தில் தெளிவாக எழுதச் சொல்கிறேன்.

காணிக்கை கொடுப்பவருக்கு 80ஜி பிரிவில் வருமான வரிவிலக்கு என்றும் போடாதீர்கள், அதற்குத் தனிச் சான்றிதழ் கையில் இருந்தால் ஒழிய.

குமரிக்காரி:
கமிட்டி உறுப்பினர்கள் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன்: ஃபுட்டரில் யாருடைய சொந்த எண்ணும் வேண்டாம். ஐயாவின் எண்ணும் வேண்டாம். ஐயாக்கள் மாறுதலாகிப் போய்விடுவார்கள். பழைய எண் தளத்திலேயே கிடந்தால், புது ஊரில் இருக்கும் அவருக்கு நள்ளிரவில் அவசர ஜெபத்துக்கு அழைப்பு போகும். கஷ்டத்தில் இருக்கிறவர் தவறான கதவைத் தட்டக்கூடாது. சேகர அலுவலகத்துக்கென்று ஒரு எண் வாங்கி அதையே போடுங்கள். கமிட்டிப் பெயர்கள் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் இருக்கட்டும்.

கூகுள் மேப்பை அப்படியே ஃபுட்டரில் பதிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் அதைச் சுமந்துகொண்டு திறக்க வேண்டும், கிராமத்து சிக்னலில் அது இழுத்துக்கொண்டே இருக்கும். முகவரிக்குக் கீழே ‘வழி காண’ என்று ஒரு இணைப்பு போதும். கிளைச் சபைகளின் நேரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அவற்றுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்.

பொருநைக்கரை:
சரி அக்கா. எல்லாருடைய ஆலோசனைப்படியும் மாற்றியிருக்கிறேன், பாருங்கள்:

ஞாயிறு ஆராதனை: காலை 8.30
திருவிருந்து: மாதத்தின் முதல் ஞாயிறு
அலுவலக எண் | முகவரி | வழி காண
கிளைச் சபைகளின் நேரம் | சான்றிதழ்கள் | ஜெப விண்ணப்பம் | காணிக்கை

வசனத்தை மட்டும் எடுக்க மனமில்லை. “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே” என்று ஆரம்பிக்கும் மத்தேயு 11:28. ஜெப விண்ணப்ப இணைப்புக்கு மேலே ஒரே வரியாக வைத்திருக்கிறேன்.

வலைவேலை_மதுரை:
வசனம் அந்த இடத்தில் பொருத்தமாக இருக்கிறது, எடுக்காதீர்கள். இணைப்புகளை மட்டும் நெருக்கி வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் 44 பிக்சல் உயரம் கொடுங்கள், விரல் தவறாது. கைபேசியில் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும், நேரம் முதலில்.

‘ஞாயிறு ஆராதனை’க்கு மேலே ஒரு வரி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் தொடங்கியதும் 25 அதிகாலை ஆராதனை, 31 இரவு ஆராதனை நேரங்களை அங்கே போடலாம், அசனப் பண்டிகைக்கும் (சபையார் கூடி உண்ணும் விருந்து நாள்) அதே இடம்தான். முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். பிப்ரவரியிலும் கிறிஸ்துமஸ் நேரம் கிடந்தால் ஞாயிறு நேரத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

பொருநைக்கரை:
நல்ல யோசனை. அந்த வரியை மாற்றும் பொறுப்பைச் சேகரச் செயலரிடமே கொடுத்து, அதற்கு மட்டும் அவருக்கு உள்நுழைவு போட்டுக் கொடுக்கிறேன்.