தங்கச்சியை ஒளி மருத்துவ ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா?

தங்கச்சிமடம் அண்ணன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். தங்கச்சி எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையும் வாங்கிவிட்டாள். போட்டோடைனமிக் தெரபியில் பிஎச்.டி. சேரக் கூப்பிடுகிறார்கள். சாய மருந்தை ஏற்றி, வெளிச்சம் காட்டிப் புற்றுநோய்க் கட்டியை அழிப்பதாம். அப்பா, "வெளிச்சம் அடிக்கிறதுக்கு எதுக்குத்தா அஞ்சு வருசப் படிப்பு? நம்ம கரையில இல்லாத வெயிலா?" என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. இதை நம்பிப் போகலாமா?

மண்டபத்து அக்கா:

தம்பி, நான் மண்டபத்தில் பிறந்தவள். இந்தத் துறையில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றேன்.

அப்பா கேட்டது நல்ல கேள்வி. 1900 வாக்கில் ஜெர்மனியின் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரி எவ்வளவு நேரத்தில் சாகிறது என்று பார்த்தார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கணக்கு வந்தது. கடைசியில் பார்த்தால், வித்தியாசம் அன்றன்றைக்கு விழுந்த வெளிச்சத்தில் இருந்தது. அங்கே தொடங்கியது இந்தத் துறை.

சாயம் வெளிச்சத்தை வாங்கி, அதன் சக்தியைப் பக்கத்து ஆக்சிஜனுக்குக் கைமாற்றும். அந்த ஆக்சிஜனுக்கு ஆயுள் சில மைக்ரோ நொடிதான், அதற்குள் தொட்டதைச் சிதைத்துவிடும். அதனால் சாயமும் வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்கிற இடத்தில் மட்டும் செல் சாகும். எந்த வெளிச்சம் என்பதும் முக்கியம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளங்கைக்குக் கீழே டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். விரலோரம் சிவப்பாகத்தான் தெரியும். மற்ற நிறங்களை ரத்தமும் சதையும் விழுங்கிவிடும். சிவப்பும் கட்டிக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும்.

1993-இல் கனடாவில் முதலில் அனுமதி பெற்ற போட்டோஃப்ரின் என்ற சாய மருந்து 630 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பில் வேலை செய்கிறது. ஆனால் அது தோலில் தங்கிவிடும். ஊசி போட்டவர் குறைந்தது முப்பது நாள் வெயில் படாமல் இருக்க வேண்டும். கடலுக்குப் போகிறவரையோ கருவாடு காயவைக்கிற அம்மாவையோ ஒரு மாதம் வீட்டுக்குள் உட்கார் என்று சொல்ல முடியுமா? சீக்கிரம் உடம்பை விட்டு இறங்குகிற, இன்னும் ஆழம் போகிற சிவப்பை வாங்குகிற சாயம் வேண்டும். அதைச் செய்ய வேதியியல் படித்த பிள்ளைதான் வேண்டும். இதற்காகவே உங்கள் தங்கச்சி போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் வருடம் நான் செய்த சாயம் செல்களை அபாரமாகக் கொன்றது. ஒன்பது மாதம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். ஒரு நாள் சாயம் போடாத செல் தட்டையும் அதே விளக்கடியில் வைத்தேன், அதிலும் எல்லாம் செத்துப்போயிருந்தது. தட்டின் அடியில் விரலை வைத்தால் சுடுகிறது! கொன்றது ஹாலஜன் பல்பின் சூடு. அப்புறம் விளக்குக்கும் தட்டுக்கும் நடுவே கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தை விட்டுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்க்க நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை, தப்பை எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. அதனால் சாயம் செய்கிறவரும் செல் வளர்க்கிறவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்களா என்று கேட்கட்டும். மருத்துவர் ஒருவரும் கூட இருந்தால் ரொம்ப நல்லது.

காரைக்குடிப் பையன்:

அண்ணே, இப்போது ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000. அதனால் பணக் கவலை வேண்டாம். பிஎச்.டி. முடித்தபின் மருந்துக் கம்பெனிக்கும் போகலாம். நீல எல்.இ.டி. வெளிச்சத்தில் மூலக்கூறுகளை இணைக்கிற வேலை 2008-க்குப் பிறகு ரொம்பப் பெருகிவிட்டது.

மண்டபத்து அக்கா:

தம்பி சொல்வது சரி. வெயிலைப் பற்றி அப்பாவுக்கு இன்னொன்று. இத்தாலியில் சாமிச்சான் என்ற வேதியியலாளர் பொலோன்யா பல்கலைக்கழகக் கூரையில் பாட்டில் பாட்டிலாக வெயிலில் வைத்துச் சோதனை செய்தவர். வறண்ட பூமியில் புகைபோக்கியே இல்லாமல், கண்ணாடிக் குழாய்களில் வெயிலே வேதிப்பொருள்களைச் செய்யும் என்று 1912-இல் பேசினார். கமுதி சோலார் மின் நிலையம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

தங்கச்சிமடம் அண்ணன்:

ரொம்ப நன்றி அக்கா. நேற்று ராத்திரி கரண்ட் போன நேரத்தில் அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். அம்மா கையையும் வாங்கி அடித்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் தங்கச்சியிடம், "திங்கக்கிழமை எத்தனை மணிக்குத்தா பஸ்?" என்று கேட்டார். நீங்கள் சொன்ன கேள்வியை அவள் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.