ஷெட்டின் நீளம் 14 அடி 9 அங்குலம்

குழு: குன்னூர் வீடு

சனி, காலை

நான்: எல்லோருக்கும் வணக்கம். வேலையில் சேர்ந்து 8 மாதம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் கோவையில் ஊட்டி பஸ்ஸுக்காக நின்று கால் வீங்கிப்போகிறது. கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். செடான்தான், பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வகை. சிட்டி, வெர்னா, ஸ்லாவியா, விர்டஸ், நான்கையும் பார்த்து வைத்திருக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

அம்மா: சாப்பிட்டாயா?

பெரியப்பா கோத்தகிரி: டீசல் வாங்கு. மலைக்கு டீசல்தான் இழுக்கும்.

மாமா மேட்டுப்பாளையம்: அண்ணா, அந்தக் காலம் போச்சு. 2023-ல் புகை விதி இறுகியதும் சிட்டி, வெர்னா இரண்டிலும் டீசல் நின்றுவிட்டது. ஸ்லாவியா, விர்டஸில் முதலிலிருந்தே கிடையாது. புதிதாக வாங்கினால் பெட்ரோல்தான்.

தம்பி கார்த்தி: அக்கா, வெர்னா டர்போ! 160 குதிரைசக்தி!

சித்தி: நீ முதலில் அரியரை முடி.

நான்: மாமா, டர்போ தேவையா? சிட்டியில் 121 குதிரைசக்தி இருக்கிறதே, போதாதா?

மாமா மேட்டுப்பாளையம்: கண்ணு, அந்த 121 சமவெளிக் கணக்கு. மேலே ஏற ஏற காற்று மெலியும். 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் போகும். ஊட்டி 2,240 மீட்டர். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைத்துவிடும். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பு குறைவு. ஸ்லாவியாவின் 1 லிட்டர் இன்ஜின் காகிதத்தில் 115-தான், ஆனால் இழுவிசை 178 நியூட்டன் மீட்டர். சிட்டியில் 145. பர்லியார் தாண்டி மேடு ஆரம்பிக்கும் இடத்தில் நான்கு பேரோடு ஏறும்போது இரண்டுக்கும் வித்தியாசம் காலில் தெரியும்.

தம்பி கார்த்தி: நானும் அதைத்தான் சொன்னேன்.

மாமா மேட்டுப்பாளையம்: நீ 160 என்று சொன்னாய். அது வேறு.

அப்பா: ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். இறங்குவதைப் பற்றிப் பேசுங்கள்.

மாமா மேட்டுப்பாளையம்: மச்சான் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சீசனில் கல்லாறு பக்கம் நின்று பார்த்தால் தெரியும், வெளியூர் வண்டிகள் சக்கரத்தில் புகை வர ஓரமாக நிற்கும். வழி முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருப்பார்கள். இரண்டாம் கியரில் போட்டு இன்ஜினைப் பிடிக்கவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் வாங்கினாலும் கியரைக் கையால் இறக்கும் வசதி இருக்கிறதா என்று பார். இரட்டை கிளட்ச் கியர் பெட்டியில், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை என்றால் மே மாதம் மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடேறும். எனக்கென்னவோ உனக்கு மேனுவல்தான் நல்லது.

நான்: எனக்கு மேட்டில் நிறுத்தி எடுக்கத்தான் பயம் மாமா. வண்டி பின்னால் உருளும்.

மாமா மேட்டுப்பாளையம்: ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, பழக்கிவிடுகிறேன்.

அப்பா: இனி பணம். ஷோரூம் விலை 12 லட்சம் என்று வைத்துக்கொள். நம் மாநிலத்தில் 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள் வரி 18 சதவீதம். அதுவே 2,16,000 ரூபாய். 10 லட்சத்துக்குள் இருந்தால் 13 சதவீதத்தோடு முடியும். 9 லட்சம் கடன், 5 வருடம், ஒன்பதரை வட்டி என்றால் மாதம் 18,900. வட்டி மட்டும் மொத்தம் 2,34,000. உன் சம்பளம் 38,000. அறை வாடகை போக என்ன மிஞ்சும், நீயே சொல்.

நான்: அப்பா, காலையிலேயே இவ்வளவா?

அப்பா: பேங்க் இதைச் சொல்லாது. நான்தான் சொல்ல வேண்டும்.

சித்தி: டிசையர் போதாதா? 2025 செப்டம்பரில் சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 ஆகக் குறைந்தது. பெரியதற்கு 40. புது டிசையர் மோதல் சோதனையில் 5 நட்சத்திரமும் வாங்கியிருக்கிறது.

நான்: நானும் யோசித்தேன் சித்தி. ஆனால் பாட்டியை மூட்டு டாக்டரிடம் கோவைக்குக் கூட்டிப்போன நாளை மறந்துவிட்டீர்களா? சின்ன டாக்ஸியில் பின்னால் கால் நீட்ட முடியாமல் இரண்டரை மணி நேரம் முனகிக்கொண்டே வந்தார். அதற்காகத்தான் கொஞ்சம் நீளமான செடான்.

பாட்டி (குரல் செய்தியை அம்மா எழுதியது): எனக்காக ஒன்றும் வாங்க வேண்டாம். வாங்கினால் சீட் உயரமாக இருக்கட்டும். பள்ளத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

தம்பி கார்த்தி: பாட்டி செடானுக்கே வேட்டு வைத்துவிட்டார்.

அம்மா: தடிமனான மெத்தை ஒன்று போட்டால் சரியாகிவிடும். பெரியவர்களைக் கிண்டல் செய்யாதே.

பெரியப்பா கோத்தகிரி: பச்சைத் தேயிலை விலை இந்த வாரமும் ஏறவில்லை. சும்மா சொன்னேன்.

சனி, மாலை

நான்: அப்பாவின் கணக்கு மண்டையில் ஏறிவிட்டது. பழைய கார் பார்க்கலாமா? கோவையில் நிறைய கிடைக்கிறது.

மாமா மேட்டுப்பாளையம்: பார்க்கலாம். ஆனால் கோவைப் பதிவு என்றால் நீ வீட்டுக்கு வரவே இ-பாஸ், அதாவது நீலகிரிக்குள் நுழைய ஆன்லைன் அனுமதி, எடுக்க வேண்டும், தெரியுமா?

நான்: என் வீட்டுக்கு வர நானே இ-பாஸ் எடுப்பதா!

அப்பா: உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே 7 முதல் நடக்கிறது. நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குத்தான் விலக்கு. சோதனைச்சாவடியில் நிற்பவர் நீ யார் மகள் என்றா கேட்பார்?

மாமா மேட்டுப்பாளையம்: அதனால் டிஎன் 43 வண்டியாகப் பார்ப்போம். ஒன்று, மலையிலேயே ஓடிய வண்டியின் கிளட்ச் சீக்கிரம் தேயும், பிரேக் டிஸ்கில் பள்ளம் விழுந்திருக்கும். விலை பேசும்போதே அந்தச் செலவைக் கழித்துவிட வேண்டும். ஒரு 2018 சிட்டி கண்ணில் பட்டது. ஒரே கை. மேனுவல்.

தம்பி கார்த்தி: பழைய சிட்டியா? அக்கா, ஸ்லாவியா 5 நட்சத்திரம்!

நான்: பார்த்தேன் தம்பி. ஸ்லாவியா, விர்டஸ், வெர்னா மூன்றுமே 2023-ல் புது விதிப்படி 5 வாங்கின. மாமா சொன்ன 2018 சிட்டியின் தலைமுறை 2022-ல் பழைய விதிப்படி 4. புதிய வண்டிகள்தான் உசத்தி, மறுக்கவில்லை. என் சம்பளம் இன்னும் 5 நட்சத்திரம் வாங்கவில்லை.

அம்மா: பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். பாட்டியும்தான்.

அப்பா: இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றத்தை 14 நாளுக்குள் முடித்துவிடு. பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி, அவரோடு போய்விடும், உனக்கு வராது. அதை வண்டியோடு தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஞாயிறு, காலை

அப்பா: டேப் எடுத்து ஷெட்டை அளந்தேன். உள்ளே 14 அடி 9 அங்குலம். அதாவது 4,495 மில்லிமீட்டர்.

தம்பி கார்த்தி: புது சிட்டி 4,583. வெர்னா 4,535. ஸ்லாவியா 4,541. விர்டஸ் 4,561. ஒன்றும் நுழையாது!

அப்பா: தாத்தா அம்பாசடருக்காகக் கட்டியது. பின்சுவர் மலை. இடிக்க முடியாது. வெளியே ரோட்டில் நிறுத்தினால் காட்டெருமை முதுகைத் தேய்க்கும்.

நான்: நேற்று முழுக்கக் குதிரைசக்தி பேசியதற்கு முதலில் இதை அளந்திருக்கலாமே அப்பா?

அப்பா: நீ கேட்கவில்லை.

சித்தி: மாருதியின் சியாஸ் செடான்?

தம்பி கார்த்தி: 4,490. ஐந்து மில்லி மிச்சம். வண்டி உள்ளே போகும், கதவை மூடினால் பெயின்ட் போகும். புதிதாக வாங்கவும் முடியாது, 2025-ல் நிறுத்திவிட்டார்கள்.

மாமா மேட்டுப்பாளையம்: நான் சொன்ன 2018 சிட்டி 4,440. இரண்டு அங்குலத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

நான்: மாமா, அதைத் தெரிந்துதான் சொன்னீர்களா?

மாமா மேட்டுப்பாளையம்: சத்தியமாக இல்லை கண்ணு. தானாக அமைந்தது.

ஞாயிறு, பிற்பகல்

நான்: ஓட்டிப் பார்த்தோம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து கல்லாறிலிருந்து மூன்று கொண்டை ஊசி வளைவு ஏற்றி, திருப்பி இறக்கச் சொன்னார். ஒரு வளைவில் நடு மேட்டில் நிறுத்தி எடுத்தேன். ஒருமுறை அணைந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார், அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

மாமா மேட்டுப்பாளையம்: கிளட்ச் மேலே பிடிக்கிறது, ஆறு மாதத்தில் மாற்ற வேண்டியிருக்கும். டயர் இரண்டு மாற்ற வேண்டும். மற்றபடி சுத்தம். பனிக்கு மஞ்சள் விளக்கு நான் போட்டுத் தருகிறேன். விலையில் 40,000 குறைக்கச் சொல்லியிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறார்களாம்.

பெரியப்பா கோத்தகிரி: என்ன நிறம்?

நான்: வெள்ளை பெரியப்பா.

பெரியப்பா கோத்தகிரி: மூடுபனியில் வெள்ளை தெரியாது.

அப்பா: விளக்கைப் போட்டால் தெரியும் அண்ணா. நித்யா, ஷெட்டின் பின்சுவரில் பலகை அலமாரி இருக்கிறது. அது ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை அளவில் சேர்க்கவில்லை.

நான்: அப்பா!!

அப்பா: கழற்றிவிடலாம். பிரச்சினை அலமாரி இல்லை.

அம்மா: அதில் இருக்கும் 14 ஊறுகாய்ச் சாடியையும் எங்கே வைப்பது? அதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் கார்.