மலையேற்ற நேர ஓட்டங்களில் ஊக்கமருந்துச் சந்தேகம்: உங்கள் அனுபவம் என்ன?

இறம்பொடை வளைவு
நானே தொடங்கிவிடுகிறேன். இறம்பொடை ஏற்றத்தில் ஒரு கழகம் வைத்த சைக்கிள் நேர ஓட்டம். வழக்கம்போல் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விட்டார்கள். அனுமன் கோயிலைத் தாண்டி ஒரு வளைவில், எனக்கு அடுத்துப் புறப்பட்டவர் என்னைக் கடந்து போனார். அது பரவாயில்லை. அவருடைய வாய் மூடியிருந்தது! நான் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருக்கிறேன். அவர் மூக்கால் மூச்சுவிட்டபடி, குளிருக்குச் சட்டை ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறார். அதற்கு முந்திய வருடம்வரை இதே மனிதர் எனக்குப் பின்னால்தான் வந்து சேருவார். நான் மேலே போனபோது தேநீர்க் கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். மருந்தில்லாமல் அப்படி ஏற முடியுமா?

ஹட்டன் ரசிகன்
மூடிய வாய் ஒரு சாட்சியமா, அண்ணன்? 2023 டூர் டி பிரான்ஸின் 16ஆம் கட்டத்தை நண்பர் வீட்டில் கூட்டமாகப் பார்த்தோம். 22.4 கிலோமீற்றர் நேர ஓட்டம். விங்கேகோர் 1 நிமிடம் 38 வினாடி வித்தியாசத்தில் பொகாச்சரை வீழ்த்தினார். அந்த எண் திரையில் வந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. "ஊசி" என்றார் நண்பரின் மாமா. அதுவரை அவர் சைக்கிள் போட்டி பார்த்ததே கிடையாது! ஆனால் அறையிலிருந்த அத்தனை பேரும் தலையாட்டினோம், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஏற்றத்துக்கு முன் பொகாச்சர் நின்று சைக்கிள் மாற்றியதையும் மற்றவர் மாற்றாததையும் யாரும் பேசவில்லை. நேர ஓட்டத்தில் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக் காற்றைத் தவிர்க்க முடியாது, குழுவும் இழுத்துவிடாது. கடிகாரம் மட்டும்தான். அதனாலேயே பெரிய வித்தியாசம் வந்தால் உடனே சந்தேகப்படுகிறோம். உங்களைக் கடந்தவர் நுவரெலியாக்காரராக இருக்கலாம். 1,868 மீற்றர் உயரத்தில் வாழ்ந்து பழகியவருக்கு இந்த ஏற்றம் வேறு மாதிரித்தான் இருக்கும்.

இறம்பொடை வளைவு
அவர் கீழே கம்பளைக்காரர், தம்பி. சோதனையில் அகப்படவில்லை என்றுதான் சைக்கிள் வீரர் ஆம்ஸ்ட்ராங்கும் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார். 2012இல் ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். மாமா சொன்னதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம்.

மருந்துக்கடை அக்கா
எனக்குப் போட்டிகளைப் பற்றித் தெரியாது. பதுளைப் பக்கம் ஒரு பார்மசியில் வேலை செய்தபோது நடந்தது. மழை நாள், கடையில் ஆள் இல்லை. தரையோட்டில் டக், டக் என்று சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். சைக்கிள்காரர்கள் போடும் சப்பாத்து, அடியில் கட்டை வைத்தது. இருபது வயதுக்குள் இருக்கும் பையன். சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் ஊறப் போடுகிற எரித்ரோபொயட்டின் ஊசியைப் பெயர் பிசகாமல் கேட்டான். டாக்டர் எழுதிய துண்டு எங்கே என்றேன். "அம்மாவுக்கு அக்கா, துண்டு வீட்டில் இருக்கிறது" என்றான். பிறகு, "குளிர்பெட்டியில் வைத்ததுதானே?" என்றும் கேட்டான். டயலிசிஸ் நோயாளியின் மகன் என்றாலும் அதைத்தான் கேட்டிருப்பான். கொடுக்கவில்லை. அவன் கோபப்படவுமில்லை, முன்சக்கரத்துச் சேற்றை விரலால் வழித்துவிட்டுப் போய்விட்டான். உண்மையிலேயே அம்மாவுக்காக இருந்திருந்தால்?

தலவாக்கலை பயிற்சியாளர்
என் கதை சிறியது. என்னிடம் பழகிய பையன் ஒருவன் இருமல் பாணி குடித்துவிட்டுப் போட்டிக்கு வந்தான். போத்தலைப் பிடுங்கிப் பார்த்தேன், அளவு மீறினால் போட்டியில் தடையாகும் சூடோஎபெட்ரின் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன், அழுதான். எல்லோரும் கவனியுங்கள். தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக நடைமுறைக்கு வருகிறது. போன வருடப் பட்டியலை நம்பாதீர்கள். நம் குளிருக்கு இழுப்பு சாதாரணம். சல்பியூட்டமோல் பம்ப்புக்கு அளவு உண்டு, சைக்கிள் வீரர் ஃபுரூமையே 2017 ஸ்பெயின் சுற்றுப்போட்டிக்குப் பிறகு அது மாதக்கணக்கில் அலைக்கழித்து, 2018இல்தான் விட்டது. நாட்டு வைத்தியர் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்; தோள் வலிக்கு மூலிகை மருந்து எடுத்த கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவுக்கு 2011இல் மூன்று மாதத் தடை. அதேநேரம் பொசிட்டிவ் என்றதும் கல்லெறியவும் வேண்டாம்: இன்னொரு கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை 2015இல் இடைநிறுத்தினார்கள், அடுத்த வருடம் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். சத்துமா டப்பாக்களில் முத்திரை பாருங்கள், ஜிம்மில் பொட்டலமாகக் கட்டித் தருவதை வாங்காதீர்கள். தேநீர் எவ்வளவும் குடிக்கலாம், கஃபீன் 2004இலேயே பட்டியலிலிருந்து போய்விட்டது. நோய்க்காகத் தடை மருந்து எடுக்க வேண்டியிருந்தால் மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், போட்டியன்று காலையில் அல்ல.

ஹட்டன் ரசிகன்
ஆலோசனை யார் கேட்டார்கள், சேர்?

இறம்பொடை வளைவு
பார்மசி அக்கா, அந்தப் பையனின் சப்பாத்து என்ன நிறம்? என்னைக் கடந்தவருக்கு ஒரு தம்பி இருக்கிறான்.

மருந்துக்கடை அக்கா
தெரிந்தாலும் சொல்ல மாட்டேன், அண்ணன். நீங்கள் வடையையே சாட்சிக்கு இழுக்கிற ஆள்.